குடும்பத் தலைவரும் டிப்ஸ் பெட்டியும்

உணவக முதலாளிகளில் பல வகை உண்டு. காபியில் தண்ணீர் சேர்க்கிறவர், மேசை மேசையாகப் போய் "சாப்பாடு எப்படி?" என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுகிறவர், கல்லாவில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கத் தெரிந்தவர். இவர்களால் பெரிய தீங்கில்லை. நான் சொல்ல வருவது வேறு இனம். இவரிடம் வேலை பார்க்கிறவர்கள் என்று யாரும் கிடையாது. எல்லாரும் வீட்டுப் பிள்ளைகள். இவர் முதலாளி இல்லை, குடும்பத் தலைவர்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். நீங்கள் சாப்பிட்டு முடித்து, பரிமாறியவரின் முகத்தை நினைத்துக்கொண்டு தட்டில் வைத்துவிட்டுப் போகிறீர்களே, அந்தப் பணம் அதில் விழும். பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி தலைவரின் சட்டைப் பையில், சீப்புக்குப் பக்கத்தில்.

வாரம் ஒருமுறை நான் கணக்கு எழுதப் போகும் உணவகத்தில் இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒருவர் இருக்கிறார். திங்கட்கிழமை பிற்பகல் மூன்றரை மணி, மதியக் கூட்டம் ஓய்ந்து கதவு பாதி சாத்தியிருக்கும். ஒன்பது பேரும் வரிசையாக நிற்பார்கள். தலைவர் அறைக்குள்ளிருந்து ஒன்பது உறைகளோடு வருவார். உடனே கொடுத்துவிடுவாரா? முதலில் பேச்சு. தான் ஒரே ஒரு அடுப்போடு ஆரம்பித்தது, முதல் வாரத்தில் மழை பெய்து யாரும் வராதது, கடன்காரன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தது, எல்லாம் வரும். கடைசியில், "நாம எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துல யாராவது கணக்குப் பாப்பாங்களா?" என்பார்.

குடும்பத்தில்தான் ஐயா பார்ப்பார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகளில் நான் வழக்குக்காக எழுதிக் கொடுத்த கணக்குகளில் பாதிக்கு மேல் அண்ணன் தம்பி கணக்குகள்.

ஒரு வாரத்துக் கணக்கை மட்டும் சொல்கிறேன். பெட்டியில் இருந்தது 4,860. உடைந்த கண்ணாடி டம்ளர்களுக்கு 340. அட்டையில் பணம் வாங்கும் இயந்திரத்துக்கு 175. சீருடை வெளுக்க 390. மேற்பார்வையாளர் பங்கு 840. உறைகளில் போனது 3,115. மேற்பார்வையாளர் யார் என்கிறீர்களா? தலைவரின் மைத்துனர். வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறதா என்று மேற்பார்வை பார்ப்பார்.

இதைத் திருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். திருடன் ஒளித்து வைப்பான். நம்மவர் சீட்டுகளையெல்லாம் அடுக்கி என்னிடமே கொடுத்து, "பத்திரமா வைங்க பெரியவரே" என்பார். வருடக் கடைசியில் ஒன்பது பேருக்கும் ஒன்பது குடைகள் பரிசளித்தார். ஒவ்வொரு குடையிலும் உணவகத்தின் பெயர் பெரிய எழுத்தில். கை தட்டினார்கள், நானும் தட்டினேன். மறுவாரம் குடைக்கடை ரசீது என் மேசைக்கு வந்தது. பணம் எடுத்த இடம்: கண்ணாடிப் பெட்டி. தங்கள் காசில் வாங்கிய குடையைத் தாங்களே பிடித்துக்கொண்டு, மழையில் அவருக்கு விளம்பரமும் செய்துகொண்டு போனார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரே ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து திறக்க வேண்டும்; பங்கு யார் யாருக்கு, எந்த விகிதத்தில் என்பது சுவரில் இருக்க வேண்டும்; முதலாளிக்கும் அவர் உறவுக்கும் பங்கில்லை; உடைசல், வெளுப்பு எதையும் இதில் பிடிக்கக் கூடாது; வாங்கியவர் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் படித்தார். முகம் வாடியது.

"இதை ஒட்டினா சந்தேகம் உள்ள வந்துடும் பெரியவரே. இவ்வளவு நாள் எங்களுக்குள்ள அது இல்ல."

தாளை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மூன்றாம் மேசையின் காலுக்கு அடியில் வைத்தார். மேசை ஆடுவது நின்றது. அதை மறுக்க மாட்டேன்.

இப்படியே போயிருக்கும், பரிமாறும் அக்காவுக்குப் பல் விழாமல் இருந்திருந்தால். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறவர். மேல் வரிசையில் முன்பற்கள் மூன்று போய்விட்டன. பல் மருத்துவர் ஒரு தொகை சொன்னார். அது சேரும்வரை அக்கா வாயை மூடிக்கொண்டே சிரித்தார். "வாய் விட்டுச் சிரிம்மா, அப்பத்தான் பெட்டி நிறையும்" என்று தலைவர் அறிவுரை சொன்னார். பெட்டி நிறைவதைத்தான் அக்கா தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். தன் உறை மட்டும் நிறையாதது ஏன் என்று ஒரு திங்கட்கிழமை கேட்டுவிட்டார்.

"முதலாளி, இந்த வாரம் மொத்தம் எவ்வளவு வந்துச்சு?"

தலைவருக்கு அடி விழுந்த மாதிரி ஆனது. "பதினோரு வருஷம் ஒண்ணா இருந்துட்டு, என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி?"

"உங்களைக் கேக்கல முதலாளி. பெட்டியைத்தான் கேட்டேன்."

அன்றிலிருந்து அவர் அக்காவோடு பேசவில்லை. கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்திலுள்ள இரண்டு மேசைகளை அக்காவுக்கு ஒதுக்கினார். அங்கே உட்காருகிறவர்கள் சீக்கிரம் எழுந்து போவார்கள். எதையும் வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். மூன்று வாரம் பொறுத்த அக்கா, நான்காம் வாரம் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார்.

விசாரணைக்கு என்னையும் ஏடுகளோடு கூப்பிட்டிருந்தார்கள். அலுவலர் வயது குறைந்த பெண். குரலை உயர்த்தவே இல்லை.

"பெட்டியில இருந்தது யாரோட பணம்?"

"எங்க குடும்பத்தோடது மேடம்."

"நல்லது. குடும்பத்துல யார் யார்னு பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

தலைவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அக்கா. மாஸ்டர். சின்ன மாஸ்டர். "அவர் பேரு?" "சின்ன மாஸ்டர்தான் மேடம், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்." பாத்திரம் கழுவுகிறவர்? "பெரியப்பா." யாருக்குப் பெரியப்பா? "எல்லாருக்கும்." மைத்துனரோடு சேர்த்துப் பத்துப் பேரில் இரண்டு பேருக்குத்தான் முழுப் பெயர் கிடைத்தது. ஒன்று மைத்துனருடையது.

அலுவலர் குடைக்கடை ரசீதை எடுத்தார். "இது?"

"நான் ஆசையா வாங்கிக் குடுத்தது மேடம்."

"பெட்டியிலேர்ந்து எடுத்த மாதிரி இருக்கே?"

"ஆமா. பணம் அவங்களோடது, ஆசை என்னோடது."

ஏமாற்றுகிறவர் இப்படிப் பதில் சொல்வாரா? உண்மையாகவே நம்பினார். அதனால்தான் சொல்கிறேன், இந்த இனம் ஆபத்தானது.

என் ஏடுகளில் இருந்த பதினான்கு மாதத்துப் பிடித்தம் முழுவதையும், குடைப் பணத்தோடு, மூன்று தவணையில் திருப்பித் தர வேண்டும். அக்காவுக்குப் பழைய மேசைகளே தரப்பட வேண்டும் என்று முடிவானது. அதோடு ஐந்து வரி எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். எந்த ஐந்து வரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டியில் திரும்பி வரும்போது தலைவர், "இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது திங்கட்கிழமைகளில் அக்காவும் சின்ன மாஸ்டரும் எண்ணுகிறார்கள். கையெழுத்துகள் உட்படப் பதினோரு நிமிடம் ஆகிறது. பேச்சு மட்டும் தொடர்கிறது. அதைத் தடுக்கச் சட்டமில்லை. முதல் தவணையிலேயே அக்கா பல் கட்டிக்கொண்டார். கடன்காரன் நாற்காலியில் உட்கார்ந்த இடம் வரும்போது வாய் விட்டுச் சிரிக்கிறார்.

உங்களுக்கு உணவகம் இல்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை, தெரியும். ஆனால் அலுவலகத்தில் பிரிவுபசாரத்துக்குப் பணம் சேர்த்தீர்களே? சித்தப்பா பிள்ளைகளெல்லாம் சேர்ந்து போன சுற்றுலாவுக்குப் பொதுப் பணம் உங்கள் கையில்தானே இருந்தது? யாராவது ஒருவர், ஒரு சின்னத் தம்பியோ தங்கையோ, "மீதி எவ்வளவு இருக்கு?" என்று கேட்டபோது உங்கள் வாயில் முதலில் வந்தது என்ன? ஒரு எண்ணா? அல்லது "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்வியா?

எண் என்றால் நிம்மதியாகத் தூங்கப் போங்கள். கேள்வி என்றால், மீதியைக் கேட்டவரின் முழுப் பெயர் என்ன என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அலுவலர் கேட்பார்.