நடுவானில் பெட்ரோல், தோப்புக்குள் ஆடு

நான் பெரிய பொய் எதுவும் சொல்லிப் பழக்கமில்லாதவன். ஒரே ஒரு தடவை, ஒரு உண்மையில் ஒரு வார்த்தையைக் குறைத்துச் சொன்னேன். அந்த வார்த்தை 'கம்ப்யூட்டர்ல'. அதனால் என் மகளின் காதுகுத்துக்கு வந்த சனம் மொத்தமும் கறிச்சோற்றுக்குப் பதில் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனது. ஆண்டிமடம் பக்கத்து உறவுக்காரர்கள் எதை வேண்டுமானாலும் மறப்பார்கள், இதை மறக்கமாட்டார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஆசைதான். போர் விமானம் ஓட்ட வேண்டும். வேப்பந்தட்டையில் பருத்திக்குக் களை எடுக்கப் போனால், மேலே விமானம் போகிற சத்தத்துக்கு நான் மட்டும் அண்ணாந்து நிற்பேன். அம்மா களைக்கொத்தின் பிடியால் முதுகில் ஒன்று வைப்பார். காலேஜ் முடித்ததும் விமானப்படைக்குப் பரீட்சை எழுதினேன், தேறினேன், மருத்துவப் பரிசோதனை வரைக்கும் போய்விட்டேன். அங்கே ஒரு புத்தகத்தை நீட்டினார்கள். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள். உள்ளே ஒரு எண் ஒளிந்திருக்கிறதாம், அதைச் சொல்ல வேண்டுமாம். எனக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. (பச்சையும் சிவப்பும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.) டாக்டர் நல்ல மனிதர். மூன்று பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவனைக் கூப்பிட்டார்.

திரும்பி வந்து பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்தேன். சுகந்தியைக் கல்யாணம் செய்தேன். மகிழினி பிறந்தாள். ஆசை மட்டும் போகவில்லை. கடைக்கு வந்த பழைய பாகங்களைச் சேர்த்து நல்ல கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டி, நிஜம்போலவே விமானம் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை அதில் ஏற்றினேன். உடைசல் கடையில் ஒரு வேனின் டிரைவர் சீட் கிடைத்தது. லேத்துப் பட்டறையில் சொல்லி இரண்டு கால் பெடல் செய்து வாங்கினேன். கையில் பிடிக்கிற ஜாய்ஸ்டிக் குச்சியை மட்டும் தபாலில் வரவழைத்தேன். இப்படியாக, எங்கள் வீட்டின் பின் அறையில், அரிசி மூட்டைக்கும் பழைய கிரைண்டருக்கும் நடுவே, நான் விமானி ஆனேன்.

விமானத்தைக் கிளப்புவது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. இறக்குவதற்கு இரண்டு மாதம் ஆனது. சண்டை போடுவதுகூட ஓரளவு வந்தது. வராமலே அழிச்சாட்டியம் செய்தது ஒன்றுதான். பறந்துகொண்டே பெட்ரோல் போடுவது. முன்னால் ஒரு பெரிய டேங்கர் விமானம் போகும். அதன் வாலிலிருந்து நீளமாக ஒரு குழாய் தொங்கும், குழாயின் நுனியில் ஒரு கூடை. நம் விமானத்தின் மூக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியை அந்தக் கூடைக்குள் சொருக வேண்டும். டிவிஎஸ் வண்டியை ஓட்டிக்கொண்டே, முன்னால் போகிற பஸ்ஸின் ஜன்னலில் ஒருத்தர் நீட்டுகிற தூக்குவாளிக்குள் கரண்டியை விடுகிற வேலை. கூடை இடது பக்கம் போகிறதே என்று குச்சியை அசைத்தால் விமானம் ஒரு ஏக்கர் தள்ளிப் போய்விடும். அதைச் சரி செய்யப் போனால் இன்னும் இரண்டு ஏக்கர். ஆன்லைனில் எங்களுக்கென்று ஒரு குழு இருந்தது. அதில் சொல்லிக்கொடுத்தவர் ஓதிய மந்திரம் ஒன்றுதான்: கூடையைப் பார்க்காதே, டேங்கரைப் பார், கால் கட்டைவிரலைத் தளர்த்து, வேறெங்கும் பார்க்காதே.

தினமும் காலையில் கடை திறக்கும் முன்னால் ஒரு மணி நேரம். எட்டு மாதம். எத்தனை டேங்கரை எரித்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. கட்டைவிரலைத் தளர்த்தக் கற்றுக்கொள்வதற்கே மூன்று மாதம் போனது. ஒருநாள் கம்பி கூடைக்குள் போய் அப்படியே நின்றது. நான் மூச்சு விடவில்லை. பெட்ரோல் முள் மெல்ல ஏறியது. சத்தம் கேட்டு வந்து பார்த்த சுகந்தி, நான் அழுதுகொண்டிருப்பதைக் கண்டு, ஊரில் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் மாமனார் வீட்டுக்குப் போனோம். என் மாமனார் முந்திரி விவசாயி. அதிகம் பேசமாட்டார், கம்ப்யூட்டர் பக்கம் போகமாட்டார். காலங்காலையில் அந்த அறைக்குள் அப்படி என்ன வேலை என்று சுகந்தி சொன்னதை வைத்து என்னிடம் கேட்டார்.

"பிளேன் ஓட்டப் பழகுறேன் மாமா. பறந்துக்கிட்டே பெட்ரோல் போடணும். இப்பதான் கை வந்துச்சு."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதுவரைக்கும் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "அது ரொம்பக் கஷ்டமாச்சே மாப்ள" என்றார். ஆமாம் என்றேன். அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பார்வையை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மூன்று மாதம் கழித்து, மகிழினிக்குக் காதுகுத்து. ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புக்கு நடுவில் இருக்கிற மாமனார் வீட்டுக் குலசாமி கோயிலில். நாங்கள் போய் இறங்கியதும் பந்தல் வாசலில் ஃப்ளெக்ஸ் தெரிந்தது. தாய்மாமன் வைக்கிற ஃப்ளெக்ஸ், அதனால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. ஒரு ஓரத்தில் சிறியதாகக் குழந்தை. நடுவில் நான். என் கல்யாண ஆல்பத்து மூஞ்சியை வெட்டி, யாரோ ஒரு விமானியின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். பின்னால் இரண்டு ஜெட் விமானங்கள் புகை கக்கின. கீழே, 'வானம் காக்கும் போர் விமானி, எங்கள் குடும்பத்தின் பெருமை' என்ற பட்டத்தோடு என் பெயர்.

என் மச்சான் பாலமுருகனைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டேன். அவனுக்கு உண்மை தெரியும். "ஃப்ளெக்ஸ்னா அப்படித்தான் மாமா போடுவாங்க. வார்டுக்கு நின்னு தோத்தவரையே மக்கள் தலைவர்னு போடுறாங்க" என்றான். அப்பாவுக்கு உண்மை தெரியுமா என்று கேட்டதும் அவன் மைக் செட்டுக்காரனைப் பார்க்கப் போய்விட்டான்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் போய் நின்றேன். அந்த உடையில் நான் நன்றாகத்தான் இருந்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல், எந்த ஸ்குவாட்ரன் என்று கேட்டது. என் மாமியாரின் அண்ணன். உடையார்பாளையத்துக்காரர், விமானப்படையில் முப்பது வருடம் இருந்து சார்ஜன்ட்டாக ரிட்டயர் ஆனவர். எங்கள் கல்யாணத்துக்குக்கூட லீவு கிடைக்காமல் வராதவர், சரியாக இதற்கு வந்திருக்கிறார். பக்கத்தில் என் மாமனார், பெருமையோடு துண்டைச் சரி செய்துகொண்டு, என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். எந்த ஊர் பேஸ் என்று சார்ஜன்ட் அடுத்த கேள்வியையும் போட்டார்.

"கம்ப்யூட்டர்ல மாமா" என்றேன்.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. என் மாமனார், "அப்புடியா" என்றார். அப்புறம் சமையல்காரரிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று நடந்துபோனார். திட்டியிருந்தால் தேவலை. புள்ளிப் புத்தகத்து டாக்டர்கூட என்னை அவ்வளவு சின்னவனாக்கவில்லை.

காது குத்தி முடிந்தது. அடுத்தது கிடா. எங்கள் பக்கத்து வழக்கப்படி, ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதற்கப்புறம்தான் வெட்டு, அதற்கப்புறம்தான் அடுப்பு. என் மாமனார் இந்தக் காதுகுத்துக்கென்றே வளர்த்த கறுப்புக் கிடா அது. பூசாரி தண்ணீர் தெளித்தார். அது சிலிர்க்கவில்லை. மறுபடி தெளித்தார். மாலையில் ஒரு பூவைக் கடித்துத் தின்றுவிட்டு நின்றது. அரை மணி, முக்கால் மணி. சனத்துக்குப் பசி. சாமிக்கு என்ன குறை வைத்தோம் என்று கிழவிகள் பேச ஆரம்பித்தார்கள். சிலர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் பாலமுருகன் குட்டியானை வண்டியின் தார்ப்பாயை விலக்கினான். என் வேன் சீட், என் பெடல், என் குச்சி, என் கம்ப்யூட்டர், எல்லாம் உள்ளே இருந்தன. எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுப்பதற்காக, என்னிடம் சொல்லாமல் சுகந்தியிடம் முன்கூட்டியே சாவி வாங்கி, நாங்கள் கிளம்பிய பிறகு ஆள் விட்டு, பெரம்பலூரிலிருந்து ஏற்றி வரவைத்திருக்கிறான். ஆடு சிலிர்க்கிற வரைக்கும் சனம் பிளேனைப் பார்க்கட்டும் என்றான். வீடியோக்காரரின் பெரிய எல்.இ.டி. திரையில் இணைத்தார்கள். சத்தத்தை மைக் செட்டில் கொடுத்தார்கள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தூரத்தில் அண்டா பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்த மாமனாரின் முதுகைப் பார்த்தேன். விமானம் பொய்யாக இருக்கலாம், எட்டு மாதம் பொய் இல்லை. அதை அவர் ஒரு தடவை பார்க்க வேண்டும். உட்கார்ந்தேன்.

(பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வேன் சீட்டில் உட்கார்ந்து இரண்டு பெடலையும் மிதிப்பது எப்படி என்று எந்த விமானப்படையும் சொல்லிக்கொடுப்பதில்லை.) சார்ஜன்ட் முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். டேங்கர் தெரிந்தது. நெருங்கினேன். கூடை ஆடியது. நான் கூடையைப் பார்க்கவில்லை, டேங்கரைப் பார்த்தேன், கட்டைவிரலைத் தளர்த்தினேன். பந்தலில் பேச்சு நின்றுபோனது. பத்தடி, ஐந்தடி. கம்பி கூடைக்குள் போய் நின்றது.

"புடிச்சிட்டான்யா" என்று சார்ஜன்ட் எழுந்து நின்றார்.

முள் ஏறியது. அன்றைக்கு ஓட்டியதுபோல நான் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. அப்போது ஒரு ஆசை வந்தது. மாமனார் பார்க்கிறாரா என்று பார்க்க வேண்டும். திரும்பினேன்.

பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டி ஒரு கையில், துண்டு ஒரு கையில், வாய் லேசாகத் திறந்தபடி, அன்றைக்குச் சாப்பிடும்போது பார்த்தாரே, அதே பார்வை.

அதற்குள் என் விமானம் டேங்கரின் வயிற்றுக்குள் போய்விட்டது. இரண்டு விமானமும் வெடித்தன. மைக் செட்டுக்காரன் பாட்டுக்கு வைத்த அளவைக் குறைக்கவே இல்லை. நாலு பெரிய ஸ்பீக்கரிலும் இடி இறங்கியது. முந்திரி மரத்துக் காக்காயெல்லாம் கிளம்பியது. மகிழினி வீறிட்டாள். ஆடு, கடைசியில், சிலிர்த்தது. நல்ல அழகாக, தலையிலிருந்து வால் வரைக்கும் சிலிர்த்தது. பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கும்பிட்ட நேரத்தில் அது கயிற்றை அறுத்துக்கொண்டு தோப்புக்குள் ஓடிவிட்டது.

முந்திரித் தோப்பில் ஆட்டைத் தேடியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கிளையெல்லாம் தரையோடு தரையாகக் கிடக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊரே குனிந்து தேடியது. மூன்று மணி நேரம் கழித்து, பக்கத்து ஊர்க் கொல்லையில் கடலைக்கொடி தின்றுகொண்டிருந்ததைப் பிடித்துவந்தார்கள். பூசாரி அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உத்தரவு கொடுத்த பிறகும் ஓடிய கிடாவைச் சாமி தனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டது, இனி வெட்டக்கூடாது என்றார். அதற்குள் சாம்பார் கொதித்திருந்தது.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. சார்ஜன்ட் மட்டும் வந்தார். இலையை மடித்த பிறகு, தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முப்பது வருஷம் பிளேனுக்கு எண்ணெய் ஊத்துன கை மாப்ள இது. ஒரு நாளும் ஏறி ஓட்டுனதில்ல. நான் ஒரு தடவ உக்காந்து பாக்கட்டுமா?"

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு அவரை உட்கார வைத்தேன். நாலு தடவை தரையில் மோதினார். ஐந்தாவது தடவை விமானம் கிளம்பியது. மேலே போனதும் அவர் எங்கும் திரும்பவில்லை, யாரையும் சுடவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

அந்தக் கிடாவுக்கு 'பைலட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது கிழடாகிவிட்டது. நான் ஆண்டிமடம் போய் இறங்கினால், பைலட் கொல்லையில் கட்டியிருக்கு, நீங்க யாரு என்று மாமியார் வீட்டுத் தெருவே கேட்கும். எந்த விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனாலும், கறியா, இல்ல மாப்ள வர்றாரா என்பதுதான் முதல் கேள்வி.

ஃப்ளெக்ஸ் பைலட்டின் கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது. எங்கள் பக்கத்து ஃப்ளெக்ஸ் எல்லாம் கடைசியில் அங்கேதான் போகும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மேலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. படத்தை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அவ்வளவு அவமானமா என்று நினைத்தேன். போன பொங்கலுக்குத்தான் தைரியம் வந்து மாமனாரிடம் கேட்டேன்.

"வெயில்ல போட்டா மூஞ்சி வெளுத்துப் போயிடும் மாப்ள" என்றார்.

அந்தக் கொட்டகைக்குள் குனிந்துதான் போக முடியும். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும், பைலட்டுக்குத் தழை வைக்கிற சாக்கில் உள்ளே போய், அதன் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறேன்.