பத்து வருட வைனில் போட்ட அச்சாறு

பலெர்மோ,
வியாழக்கிழமை.

திராட்சைக் கொடிகளின் திலகமும் போர்தோ மண்டலத்தின் பொற்கரமும் என் ஒரே அக்காவின் ஒரே மகனுமாகிய சிரஞ்சீவி பிரணவன் அறிவது,

உன் தாய்மாமன் பேரின்பநாயகம் எழுதிக்கொள்வது. நானும் உன் மாமி குகனேஸ்வரியும் உடம்பால் சுகம். மற்ற விதங்களில் எப்படி என்பதைப் போகப் போக அறிவாய். நீயும் சுகமாய் இருக்க வேண்டும், இதை வாசித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று சந்நிதி முருகனை நேர்ந்துகொண்டு தொடங்குகிறேன். கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ கத்துவாய். கடிதத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது.

பத்மநாதனின் மகள் சிவானுஜாவை நீ விரும்புகிறாய், அவள் உன்னை விரும்புகிறாள், அவளுடைய தாய்க்கும் சம்மதம், பலெர்மோத் தமிழர் அத்தனை பேருக்கும் சம்மதம், பத்மநாதன் ஒருவருக்குத்தான் சம்மதமில்லை என்பது நீ அறிந்ததே. மொண்டெல்லோவில் மீன் பொரிக்கும் அந்த மனுசன், "பெடியன் பிரான்சிலை தவறணையிலை நிக்கிறானாம்" என்று கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்திலேயே நின்று ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தார். கள்ளுக்கொட்டிலும், நீ வேலை செய்கிற சத்தோ என்கிற வைன் தோட்டமும் அவருக்கு ஒன்றுதான். அதற்காகத்தானே நீ அந்தத் திட்டத்தைப் போட்டாய்? "மாமா, எங்கடை சத்தோ வைனும் அயலூர் வைனும் றோபேட்டிட்டைக் குடுத்து விடுறன். அவையின்ரை வீட்டை கொண்டுபோய் ருசி காட்டி, இது குடிகாரன்ரை வேலையில்லை, கமக்காரன்ரை வேலை எண்டு விளங்கப்படுத்துங்கோ" என்றாய். போனில் அதற்குப் பிறகும் ஏதேதோ சொன்னாய். அப்போது நான் பொலிதேயாமாவில் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஏறிய கிழவியும் சாரதியும் மூன்றாம் உலகப் போரை நடத்திக்கொண்டிருந்ததால் "பழசு", "கடைசியிலை" என்ற இரண்டு சொற்கள்தான் என் காதுக்கு வந்து சேர்ந்தன. அந்த இரண்டையும் வைத்து முழுவதையும் விளங்கிக்கொண்டேன். என் மூளை அப்படி.

உன் கூட்டாளி றோபேட் இங்கே வரும்போது தன் பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே, கைக்குழந்தைகளைப் போலச் சுற்றிக் கொண்டுவந்த போத்தல்கள் நான்கையும் மேசையில் நிறுத்தி, நானும் மாமியும் ஆராய்ந்தோம். ஒன்று மஞ்சள் நிறம், அயலூர் சொத்தேர்ன் வைன். ஒன்று உங்கள் சத்தோவின் புது வைன். மற்ற இரண்டும் உங்கள் சத்தோவினுடையவைதான், ஆனால் 2015 என்று போட்டிருந்தது. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வருடத்தைப் பார்த்தாள், கழற்றிவிட்டும் பார்த்தாள். "இஞ்சருங்கோ, விடியப் பனையாலை இறக்கின கள்ளே பொழுதுபடப் புளிச்சுப்போம். இது பத்து வருசம்! இந்தப் பிள்ளையை ஆரோ நல்லாய் ஏமாத்திப்போட்டினம்" என்றாள். போத்தலை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் மண்டி வேறு. பழசு, கடைசி, மண்டி! நான் பஸ் ஏறும்போது நீ சொன்னது எனக்கு அப்போதுதான் துலங்கியது. பழசு பழுதாய்ப் போயிருக்கும், கடைசிக்கு அச்சாறு போடுகிற புளித்த வினாகிரியாகவாவது உதவும் என்றுதானே சொல்லியிருக்கிறாய்? மருமகனின் சிக்கனத்தை நினைத்து என் நெஞ்சு பூரித்தது.

உடனே உன் மாமி என்னைக் கபோச் சந்தைக்கு விரட்டினாள். சின்ன வெங்காயமும் கரட்டும் பச்சை மிளகாயும் பேரீச்சம்பழமும் வாங்கி வந்தேன். கடுகு அரைபட்டது. உன் இரண்டு போத்தல்களும் சட்டிக்குள் கவிழ்ந்தன. அந்த நேரம் எழும்பிய வாசத்துக்குப் பக்கத்து மாடிகளில் சன்னல்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன, புறாக்கள் பறப்பதை நிறுத்தின, தெருவில் இரண்டு மோட்டார் சைக்கிள்காரர் சண்டையை விட்டுவிட்டு மேலே பார்த்தார்கள். மாமி அகப்பையால் தொட்டு நாக்கில் வைத்து, "புளிப்புக் காணாது. இந்தப் பிரெஞ்சுக்காரனுக்கு வினாகிரியும் ஒழுங்காய் வராது போலை" என்று சொல்லிச் சிசிலி எலுமிச்சம்பழம் ஒரு கூடையைப் பிழிந்துவிட்டாள். அவள் கையில் குறையில்லை, போத்தலில்தான் குறை என்று நானும் தீர்ப்புச் சொன்னேன். மஞ்சள் வைனின் கதை சுருக்கமானது. அது பூஞ்சணம் பிடித்த பழத்தில் செய்வது என்று றோபேட் சொல்லிவிட்டுப் போனான். பூஞ்சணத்தைச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? வெளியே ஊற்றினால் பலெர்மோவின் நிலத்தடி நீர் என்னாவது? பாற்கடலில் எழுந்த நஞ்சைச் சிவபெருமான் உண்டது போல, உலக நன்மைக்காக அந்தப் போத்தலை நான் ஒருவனே உண்டு முடித்தேன். தேனும் பாணியும் தோற்றன. அன்று பின்னேரம் முழுவதும் நான் தேவாரம் பாடினேன் என்று மாமி சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, புது வைன் ஒரு கையிலும் அச்சாறுப் போத்தல் மறு கையிலுமாகப் போனேன். மாமி சும்மா வருவாளா? பத்மநாதன் மனைவிக்கென்று நல்ல தேங்காயெண்ணெய், அதுவும் கழுவிக் காயவைத்த உன் 2015 போத்தலில். தடிப்பான போத்தல், வடிவான ஒட்டுத்தாள், எறிய மனமில்லை என்றாள். அங்கே முதலில் நான் உன் நாட்டைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். அதை நீ கேட்டிருக்க வேண்டும். ஜிரோந்த் ஆற்றின் அகலத்தைச் சொன்னேன்: இந்தக் கரையில் அடிக்கிற கலியாண மேளம் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் தம்பதிக்குப் பிள்ளை பிறந்து துடக்கும் கழிந்துவிடும். மண்ணைச் சொன்னேன்: மண்ணே இல்லை, முழுக்கக் கூழாங்கல், பகல் வெயிலைக் குடித்துவைத்து இராவில் கொடிக்கு ஒத்தடம் கொடுக்கிற கல். நீ கத்திரிக்கோலோடு வரிசைக்குள் இறங்கினால் கொடிகள் தாமாகக் கை நீட்டும் என்றும், உன்னைக் கேளாமல் அங்கே மழை பெய்வதில்லை என்றும் சொன்னேன். சிவானுஜா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். வெட்கம் என்றுதான் நினைத்தேன்.

"மழை கிடக்கட்டும், சாமானைக் காட்டுங்கோ" என்றார் பத்மநாதன். தேத்தண்ணிக் கிளாசில் புது வைனை ஊற்றிக் கொடுத்தேன். மனுசன் குடிக்காதவர். நியாயம் பார்க்க வேண்டுமே என்று ஒரு மிடறு எடுத்தார். எடுத்தவர் அப்படியே இருந்துவிட்டார். வாய் ஒட்டிவிட்டது. கன்னம் இரண்டும் உள்ளே போய் ஒன்றையொன்று சந்தித்தன. அவருடைய மனைவி, "கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து இந்த மனுசன் வாய் மூடி இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று உன் வைனைக் கையெடுத்துக் கும்பிட்டார். வாய் திறந்ததும் வந்த முதல் வார்த்தை, "கடுக்காய்க் கசாயம்!" இரண்டாவது, "இதைச் செய்யிற பெடியனுக்கோ என்ரை பிள்ளை?"

நிலைமையைச் சமாளிக்கத்தான் நான் அச்சாறை ஒரு கோப்பையில் எடுத்து நீட்டினேன். பொரித்த மீனோடு ஒரு துண்டு வெங்காயத்தை வைத்துச் சாப்பிட்டவர் மறுபடியும் அப்படியே இருந்தார். ஆனால் இது வேறு இருப்பு. கண் மூடியிருந்தது. இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு அச்சாறுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மீன் ஆறியது, அவர் கவனிக்கவில்லை. இந்தச் சம்பந்தம் பழுத்துவிட்டது என்று நான் மனதுக்குள் நாதசுரக்காரரை ஒழுங்குபண்ணிக்கொண்டிருக்கும்போதுதான், குசினிக்குள் எண்ணெய்ப் போத்தலை வைக்கப் போன சிவானுஜா அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அங்கிள், இதுக்குள்ளை இருந்தது எங்கை?"

"எது பிள்ளை?"

"வைன், அங்கிள்! 2015! பிரணவன் அங்கை போய் முதல் முதலாய்ப் பழம் வெட்டின வருசம். அந்தச் சத்தோச் சொந்தக்கார மதாம் அவருக்கெண்டு குடுத்தவ. பத்து வருசமாய்ப் படுக்க வைச்சு வைச்சிருந்தவர். பப்பா குடிச்சுப் பாக்கவேணும் எண்டு கடைசியாய்த் திறக்கச் சொன்னவரே! எங்கை அது?"

அந்த நேரத்தில் உன் மாமி பேசாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. அவள் அச்சாறுக் கோப்பையைக் காட்டி, "அந்தா கிடக்கு. புளிப்புத்தான் காணாது, எலுமிச்சங்காய் விட்டனான்" என்றாள்.

"மதோன்னா மியா!" என்று கத்திவிட்டு அந்தப் பிள்ளை கதிரையில் இருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டும் கலந்து வந்தது. பத்மநாதன் எழும்பினார். வாயில் இன்னும் வெங்காயம். "ஒரு பெடியன் பத்து வருசம் பொத்தி வைச்சதைச் சட்டியிலை ஊத்தின ஆக்கள் நீங்கள். என்ரை பிள்ளையைத் தந்தால் அவளை எதிலை ஊறப்போடுவியள்?" என்றார்.

மருமகனே, எனக்கு ரோசம் வந்துவிட்டது. குற்றம் உன் மாமியுடையது, அவமானம் மட்டும் எனக்கா? சால்வையை உதறித் தோளில் போட்டேன். "பத்மநாதன்! எங்கடை பெடியனுக்குப் பெண் குடுக்கப் பிரான்சின்ரை பாதி மந்திரிமார் வாசலிலை நிக்கினம். உம்முடைய பெண் எங்களுக்கு வேண்டாம். இனி இந்தப் படியை நான் மிதிச்சால் என்ரை பேர் பேரின்பநாயகம் இல்லை!" என்று முழங்கினேன். எத்னா எரிமலை அன்று புகைவதை நிறுத்திக் காது கொடுத்திருக்கும். முழங்கிய வேகத்தில் வெளியே வந்து படியிறங்கும்போது வேட்டி கதவில் அகப்பட்டுக்கொண்டது. கதவைத் திறந்து அதை எடுத்துத் தந்தவர் பத்மநாதன்தான். அப்போதும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே பிரணவா, விசயம் முடிந்தது. உனக்கு இந்தப் பெண் இல்லை. உனக்காக உன் மாமனே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனதைத் திடப்படுத்திக்கொள். கத்தானியாவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்கள் அச்சாறு சாப்பிடுவதில்லை. சிவானுஜாவுக்குப் போன் எடுக்காதே. பத்மநாதன் எடுத்தால் பதில் சொல்லாதே. நம் குடும்பத்தின் மானம் இப்போது உன் மௌனத்தில்தான் தங்கியிருக்கிறது. உன் கொடியெல்லாம் காய்த்து, ஆலங்கட்டி மழை அண்டாமல், பீப்பாய்கள் ஒழுகாமல், நீயும் துணையோடு (துணை யார் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்) நூறு அறுவடை காண வேண்டும் என்று மாமியும் நானும் வாழ்த்துகிறோம். உன் சத்தோ மதாமுக்கு என் பணிவான வணக்கத்தைச் சொல். அச்சாறு பற்றி ஒன்றும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் மானம் காத்த தாய்மாமன்,
பேரின்பநாயகம்.

பி.கு.: கடிதத்தை ஒட்ட எச்சில் தொட்ட நேரம் வாசல் மணி அடித்தது. பத்மநாதன்! நாலு நாளாய் அந்த மனுசன் சோற்றோடு, பாணோடு, ஒன்றுமில்லாமல் வெறுங்கையோடும் அந்த அச்சாறையே சாப்பிட்டு முடித்திருக்கிறார். சிவானுஜா உனக்கு ஞாயிற்றுக்கிழமையே எல்லாம் சொல்லிவிட்டாளாம், நீ கோபிக்காமல், "பப்பாவுக்குப் பிடிச்சதோ?" என்று மட்டும் கேட்டாயாம். அதைச் சொல்லிவிட்டு மனுசன் உன் மாமியின் தேத்தண்ணியைக் குடித்தபடி தன் முடிவை அறிவித்தார்: "திறமான சாமானைப் பத்து வருசம் பாத்துப் பாத்து வைச்சு, கடைசியிலை உங்களை நம்பிக் குடுத்து விட்டிருக்கிறான். மனம் பெரிசு, மூளை கொஞ்சம் குறைவு. மருமகனுக்கு இதுக்கு மேலை என்ன வேணும்? கலியாணத்துக்கு நல்ல நாள் பாருங்கோ." ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் நான் எழுதாததாக வைத்துக்கொள். கிழித்துப் போட்டிருப்பேன், என் வீர வசனம் நன்றாய் விழுந்திருப்பதால் மனம் வரவில்லை. இன்று பின்னேரம் அந்தப் படியை மிதிக்கப் போகிறேன். உடனே அவளுக்குப் போன் எடு. பத்மநாதன் சொன்ன இரண்டில், பெரிய மனம் எங்கள் பக்கத்து இரத்தம். மற்றது உன் அப்பா பக்கம்.