கண்ணடித்த வழக்கும் இடைமறிப்புத் துறையும்

மருத்துவ உலகின் மாபெரும் ஆராய்ச்சிகள் எல்லாம் குளியலறையில்தான் நடக்கின்றன. நம் 'ஆய்வாளர்' பதினோராம் வகுப்பு மாணவி. ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடி, ஒரு கைப்பேசி, சரியாக விழாத ஒரு தாழ்ப்பாள். ஆய்வுப் பொருள், அவளது இடது இமை.

காலையில் அது ஒழுங்காகத் திறந்திருக்கும். மாலை ஆக ஆக, கடைக்காரர் ஷட்டரை இறக்குவதுபோலத் தானாக இறங்கிவிடும். கணக்கு வகுப்பில் அப்படி இறங்கியபோது, தன்னைப் பார்த்துக் கண்ணடித்ததாக வாத்தியார் முறைப்படி புகார் கொடுத்தார். தலைமையாசிரியை அறையில் விசாரணை.

"நான் கண்ணடிக்கல மேடம். அதுவா மூடிக்குது."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

தீர்ப்பைக் கேட்ட அம்மா அவளை நரம்பு மருத்துவரிடம் இழுத்துப்போனாள். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல்படையே, நரம்பும் தசையும் பேசிக்கொள்ளும் இடத்தில் தடியடி நடத்துகிறதாம்; அதனால் தசை சோர்ந்துபோகிறதாம். மாத்திரை இருக்கிறது, விழுங்குவதில் சிரமம் வந்தால் மட்டும் உடனே சொல்ல வேண்டும் என்றார் மருத்துவர்.

பயப்படாமல் இருப்பதற்காக அவள் மேதையானாள். மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள். மரபணு அனுப்பும் சேதியை வழியிலேயே மடக்கி வாயடைக்கும் துணுக்குகள் அவை. இந்த நோய்க்காரர்களின் ரத்தத்தில் அவற்றில் சில கூடியிருக்கின்றனவாம். ஏன் என்று இன்னும் ஆராய்கிறார்களாம். அவற்றுக்கு 'இடைமறிப்புத் துறை' என்று பெயர் சூட்டி, சாப்பாட்டு மேசையில் தினமும் சொற்பொழிவாற்றினாள். "விஞ்ஞானியம்மா, தட்டு காயுது" என்பான் அண்ணன்.

காயட்டும். பேசிக்கொண்டே இருந்தால் சாப்பிட வேண்டியதில்லை. கொஞ்ச நாளாகக் குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்பி வந்துகொண்டிருந்தது. சொன்னால் படுக்கவைத்துத் தொண்டையில் குழாய் சொருகுவார்கள் என்று கைப்பேசி சொல்லியிருந்தது. கைப்பேசி பொய் சொல்லுமா?

அடுத்த முறை மருத்துவர், விழுங்க முடிகிறதா என்று கேட்டார். நன்றாக முடிகிறது என்று சொல்லிவிட்டு, மேதை உடனே துறைசார்ந்த உரையைத் தொடங்கினாள். குரல் மூக்கால் வந்தது. அம்மா பெருமை தாங்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"தொண்டை கட்டிக்கப் போகுதுடி. ஒரு வாய் குடிச்சிட்டுப் பேசு."

"அதாவது டாக்டர், சேதி கிளம்பிடும். ஆனா நடுவுல ஒண்ணு மடக்கிடும். அதனால போய்ச் சேர வேண்டிய எடத்துக்கு..."

பாட்டிலைப் பார்த்தாள். உரை நின்றது.

"அம்மா, என்னால தண்ணி முழுங்க முடியலம்மா. ரொம்ப நாளா. பயந்துக்கிட்டு சொல்லல."

அம்மா பாட்டிலை மூடவே மறந்துபோனாள். மருத்துவர் திட்டவில்லை; வார்டுக்குப் போன் போட்டார். நேரத்தோடு சொன்னதே நல்லது என்றார். நேரத்தோடாம்!

இடைமறிப்புத் துறை இந்த நோயில் என்னதான் செய்கிறது என்பது உலகுக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் சேதியை மடக்கிய ஆகப்பெரிய துணுக்கு அன்று கையும் களவுமாகப் பிடிபட்டது. இரட்டைப் பின்னலோடு, சக்கர நாற்காலியில், ஒரு கண்ணை அடித்தபடி அது வார்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.