மூன்று வட்டங்களும் வெட்டிக்கொண்ட ஊர்

கடலா, மலையா, அருவியா என்ற சண்டை முற்றிச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தபோதுதான் வாத்தியார் கவராயத்தைக் கையில் எடுத்தார்.

கணக்கு வாத்தியார். பகலெல்லாம் ஒரு வகுப்பையே கொட்டாவி விட வைத்துவிட்டு வீடு திரும்புவார். வீட்டில் இன்னும் மூன்று பேர் விழித்திருப்பது அவருக்குப் பொறுக்காது. மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், வீட்டோடு இருக்கும் மைத்துனன். பல வருஷம் கெஞ்சிக் கூத்தாடி அந்த மூவரும் வாங்கிய முதல் கார்ப் பயணம் இது.

"தினம் ஒரு ஊர்ல ரூம் எடுத்தா, பெட்டியைக் கட்டி அவிழ்க்கவே லீவு போயிடும்" என்றார். "ஒரே ஊர்ல தங்குறோம். காலையில கிளம்பி ஒரு இடத்தைப் பார்க்கிறோம், பொழுது சாயத் திரும்பிடறோம்."

சொல்லிக்கொண்டே, மேசையில் விரித்திருந்த ஈர வரைபடத்தின் மேல் மூன்று வட்டங்கள் போட்டார். மூன்றும் வெட்டிக்கொண்ட இடத்தில் கடுகு அளவுக்கு ஒரு ஊர் இருந்தது.

"அங்கே என்னப்பா இருக்கு?" என்றாள் மகள்.

"ஒண்ணும் இல்லை. அதுதான் அதோட விசேஷமே. கடல், மலை, அருவி எல்லாம் சம தூரம்."

"அதாவது, எதுவுமே கிட்ட இல்லை. அப்படித்தானே மாமா?" என்றான் மைத்துனன்.

வாத்தியார் அவனைப் பார்த்த பார்வையில், அவன் எந்தக் காலத்திலோ கணக்கில் வாங்கிய மதிப்பெண் தெரிந்தது.

ஊர் அவர் சொன்னபடியே இருந்தது. ஒரு நாற்சந்தி, நாலு பக்கமும் லாரி. டயர் கடைக்கு மேலே லாட்ஜ். ஜன்னலைத் திறந்தால் பின்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

முதலில் கடல். கவராயத்துக்கு நேராகத் தெரிந்த தூரத்தை ரோடு வளைத்து வளைத்துக் காட்டியது. போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மணல் கொதித்தது. மனைவி தத்தித் தத்திப் போய்ப் பாதத்தை நனைத்தாள். வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கிளம்பலாம். பொழுது சாயறதுக்குள்ள ரூமுக்குப் போகணும்."

"இப்பத்தானேங்க கால் வச்சேன்!"

"கடல் எங்கேயும் ஓடிடாது."

தாமதமாகக் கிளம்பியதுதான் தப்பு என்று கண்டுபிடித்து, மறுநாள் விடியுமுன்பே எல்லாரையும் எழுப்பிக் காரில் அடைத்தார். அருவியின் கேட் பூட்டியிருந்தது. காவலாளி நிதானமாகக் குளித்து, சாப்பிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே வந்து திறக்கும் வரை, தண்ணீர் ஏன் வளைந்து விழுகிறது என்று வாத்தியார் காருக்குள்ளேயே பாடம் நடத்தினார். தலையாட்டிக்கொண்டே தூங்கிய மைத்துனனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அருவியை அவன் பக்கவாட்டில்தான் பார்த்தான்.

தூரம்தான் தப்பு என்று அடுத்த நாள் முடிவானது. மலைக்குக் குறுக்கு வழி பிடித்தார். அந்த வழி ஒரு வயலுக்குள் இறங்கி அங்கேயே முடிந்துபோயிற்று. டிராக்டர் வந்து காரை இழுத்தது. மகள் வரப்போரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

"வழியில தப்பே இல்லை" என்றார் வாத்தியார், முழங்கால் வரை சேற்றோடு. "சேறுதான் தப்பு."



மறுநாள் காலை மனைவிக்குத் தலைவலி. மகளுக்கு வயிற்றுப் பிரட்டல். மைத்துனனின் கழுத்து இன்னும் திரும்பவில்லை.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள் மனைவி, போர்வைக்குள்ளிருந்து. "எங்களால உங்க கணக்கு வீணாப் போகக் கூடாது."

வாத்தியாருக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் கணக்கை மதித்து அவள் பேசிய முதல் வார்த்தை. தனியாகவே மலைக்குப் போனார். அடுத்த நாள் அணைக்கட்டு. அதற்கடுத்த நாள் ஒரு பாழடைந்த கோட்டை. அங்கே அவரையும் ஒரு ஆட்டையும் தவிர வேறு ஜீவன் இல்லை. ஆடும் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. மாலையில் மூக்குத் தோல் உரிந்து, கால் வீங்கித் திரும்புவார். மூவரும் போர்வைக்குள் முனகுவார்கள். அவர் போனில் படங்களைக் காட்டுவார். எல்லாப் படத்திலும் அவர் மூஞ்சி. அதன் ஓரத்தில் கொஞ்சம் மலை, கொஞ்சம் அணை.

"அருமைங்க. நாளைக்கு எங்கே?" என்பாள் மனைவி, மிகுந்த அக்கறையோடு.

இதுகளுக்கு உடம்பில் தெம்பில்லை என்று அவர் இரக்கப்பட்டார். தன்னைப் போல ஒருவன் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் என்ன கதிக்கு ஆளாகும் என்றும் யோசித்தார்.

கடைசி நாள் மூவரும் பெட்டிகளோடு காரில் ஏறிவிட்டார்கள். வாத்தியார் நொண்டிக்கொண்டே சாவியைக் கொடுக்க லாட்ஜ் மேனேஜரிடம் போனார்.

"ஊரை நான் கணக்குப் போட்டுச் சரியாத்தான் பிடிச்சேன்" என்றார். "எங்க வீட்டு ஆளுங்களுக்குத்தான் கொடுத்து வைக்கலை. பாவம், பகல் பூரா படுக்கையிலேயே கிடந்தாங்க."

"படுக்கையிலயா?" மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க கார் முக்கு திரும்பினதும் மூணு பேரும் மொட்டை மாடியில சீட்டுக் கட்டோட உக்காந்துடுவாங்களே சார்! அந்தச் சிரிப்புச் சத்தத்துல மத்த ரூம்காரங்களும் போய் ஆட்டத்துல சேர்ந்துட்டாங்க. அடுத்த லீவுக்கும் இதே ரூம்தான் வேணும்னு அம்மா இப்பவே சொல்லி வச்சுட்டாங்க. நீங்க பார்க்கிறதுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தூரமா ஏதாவது இடம் இருக்கான்னு விசாரிக்கச் சொன்னாங்க."