பதினாறு ஜி.பி. கௌரவம்

மனித நாகரிகத்தில் நெருப்புக்கு அடுத்த மகத்தான கண்டுபிடிப்பு கிராபிக்ஸ் கார்டு. மும்பை மாட்டுங்காவிலிருந்து திருவேங்கடம் போனில் இப்படிச் சொன்னபோது, தாராவியிலிருந்து இசக்கிதுரை பக்தியோடு "கரெக்ட் சார்" என்றான். கார்டு என்பதால் பர்ஸில் வைக்கிற ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டான்.

திருவேங்கடம் பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகளின் நிச்சயதார்த்த வீடியோவை இசக்கிதுரைதான் எடிட் செய்து அனுப்பியிருந்தான். பிடித்துவிட்டால் கல்யாண வீடியோவும் அவனுக்கே. அது கிடைத்தால் தோல் பை பட்டறை வேலையை விட்டுவிட்டுத் தனிக்கடை போடலாம்.

"எந்த லேப்டாப்ல எடிட் பண்றேள்?"

இசக்கிதுரை எடிட் செய்வது போனில். அதுவும் கண்ணாடி கீறிய போன்.

"பெரிய லேப்டாப் சார்."

"பேஷ். ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பார்க்கறேன்."

அவன் மனைவி மாரிசெல்வி தலையில் கைவைத்தாள். "போன்லதான் செய்யுதேன்னு சொன்னா கொறஞ்சா போவீங்க?"

"ஏளா, மாட்டுங்கா பார்ட்டி. போனுன்னா மதிக்க மாட்டாங்க."

மாரிசெல்வியின் சீட்டுப் பணம் கடைக்குப் புறப்பட்டது. கடைக்காரர் இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தார். ஒன்று எடிட்டிங்குக்கு: செங்கல் கனம், பதினாறு ஜி.பி., கீபோர்டு கோயில் கொடை விழா சீரியல் செட் போல மின்னியது. மற்றது அன்றாட வேலைக்கு: ஒல்லி, பேட்டரி நாளெல்லாம் நிற்குமாம்.

"ஒல்லியே போதும். சின்ன வீடியோ அதுலயும் ஓடும்னுதானே சொல்லுதாரு?" என்றாள் மாரிசெல்வி.

"பாக்க கெத்தா இருக்கணும்ளா" என்று இசக்கிதுரை செங்கல்லைத் தூக்கினான்.

அதன் சார்ஜரே அரைச் செங்கல் இருந்தது; அதை மாட்டாமல் பத்து நிமிஷம்கூட ஓடவில்லை. அந்தப் பெரிய பிளக் நுழையக்கூடிய பாயின்ட் அவர்கள் ஒற்றை அறையில் ஒன்றுதான்; அதில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜைப் பிடுங்கினான். பக்கத்து அறை பேராச்சி, இட்லி வியாபாரத்துக்கான மாவை அந்த ஃப்ரிட்ஜில்தான் வைப்பாள். சாயங்காலம் அதன் கதவைத் திறந்தவள் அலறினாள்.

"ஏல இசக்கி! மாவு பொங்கித் தரையெல்லாம் ஓடுதுல! காலைல எதை ஊத்த, உன் லேப்டாப்பையா?"

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி இரண்டையும் ஒன்றாகச் செருகினான். பட்டென்று ஒரு சத்தம். வரிசை முழுக்க மின்விசிறிகள் நின்றன. வரிசை முழுக்க மக்கள் வெளியே வந்தார்கள். அவன் பேரைச் சொல்லி அன்று நல்ல வார்த்தை ஒன்றும் பேசப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேராச்சியிடம் கெஞ்சி, ஃப்ரிட்ஜை மறுபடி பிடுங்கி, லேப்டாப்பைப் போட்டுவைத்தான். திருவேங்கடம் மனைவி ஷ்யாமளாவோடு இரும்பு ஏணியில் ஏறி வந்தார். லேப்டாப் உறுமிக்கொண்டிருந்தது.

"இதென்ன, ஃப்ளைட் கிளம்பறாப்ல சத்தம்?" என்றாள் ஷ்யாமளா.

"பவர்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் திருவேங்கடம். இசக்கிதுரையின் தோளை ஒட்டி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "மொதல்ல ஆஃப் பண்ணிடுங்கோ. ஆரம்பத்துலேர்ந்து காட்டுங்கோ. நிதானமா."

பரீட்சை என்றால் இதுதான் என்று இசக்கிதுரைக்குத் தோன்றியது. ஆஃப் செய்துவிட்டு மறுபடி பட்டனை அமுக்கினான். திரை மறுபடி விழித்ததும் திருவேங்கடம் குனிந்தார். "ம்ம். இப்போ எடிட்டிங்?"

எதைத் தொடுவது என்று தெரியாமல் இசக்கிதுரை திரையைப் பார்த்தான். வாசலில் பேராச்சி கரண்டியோடு நின்றாள். "சட்டுனு முடிச்சிருல. மாவு ஏறுது."

"சார், மன்னிச்சிருங்க" என்றான் இசக்கிதுரை. "வீடியோ முழுக்க இந்த ஓட்டப் போன்ல செஞ்சது. லேப்டாப்ப நீங்க வாரீங்கன்னுதான் வாங்கினேன். இதுல எடிட்டிங் எனக்குத் தெரியாது சார்."

மாரிசெல்வி ஓடிப்போய் ஃப்ரிட்ஜை மாட்டினாள். திருவேங்கடத்தின் முகம் தொங்கிப்போயிற்று. எழுந்து செருப்பைத் தேடினார். கல்யாண வீடியோ கைவிட்டுப் போயிற்று என்று இசக்கிதுரை முடிவுகட்டினான்.

ஷ்யாமளாதான் பேசினாள். "கல்யாண வீடியோவும் நீயே பண்ணுப்பா, நிச்சயதார்த்தம் அவ்வளவு நன்னா இருந்தது. இவர் இதே மாதிரி லேப்டாப்பை வாங்கி ஆறு மாசமாச்சு, எப்படி ஆன் பண்றதுன்னு பார்த்துண்டு போகத்தான் வந்தார்."