மழையில் வெந்த சோறு

"மழை பேஞ்சாலும் எங்க ஊர்ச் சூரிய அடுப்புல சோறு வேகும் சார். நீங்க தாராளமா வாங்க."

போனை வைத்த பிறகுதான், தான் சொன்னது மகளிர் குழுத் தலைவி முத்துப்பேச்சியின் காதிலேயே விழுந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மகளிர் குழுவுக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த அடுப்பு அது. கண்ணாடி மூடி போட்ட பெட்டி; வெயிலில் வைத்தால் சோறு வேகுமாம். இன்னும் பயன்படுகிறதா என்று பார்க்க அந்த நிறுவனத்து ஜெபமணி சார் வருகிறார். அவர் நல்லபடியாக எழுதினால் ஊருக்கு மாவு மில். மிளகாய் அரைக்கக் கடமலைக்குண்டுக்குப் பஸ் ஏற வேண்டாம். "மழையா இருக்கே, மில்ல வேற ஊருக்குக் கொடுத்துடலாமா" என்று அவர் இழுத்ததில்தான் அவள் வாய் முந்திக்கொண்டது.

அடுப்புக்குள் அடைகோழி உட்கார்ந்திருந்தது. ஊரில் எல்லார் வீட்டுச் சூரிய அடுப்பிலும் கோழிதான் உட்கார்ந்திருந்தது.

"கோழியத் தூக்குங்க. விறகடுப்புல பொங்கி, பானையோட பெட்டிக்குள்ள எறக்கிடுவோம்" என்றாள் புருஷன் மொக்கைச்சாமியிடம்.

"மழைக்குள்ள வெயில் எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டாகன்னா?"

"அத நான் பாத்துக்கிறேன். நீங்க வாயத் தொறக்காதீக."

ஈர விறகு. கொல்லையில் கிளம்பிய புகை மேகமலையையே மறைத்தது. மொக்கைச்சாமி துண்டை வீசி விரட்டினார். அது நேரே வாசலுக்குப் போய், ஜீப்பிலிருந்து இறங்கிய ஜெபமணியை வரவேற்றது.

"என்னம்மா புகை?"

"கொசுவுக்குப் போட்டது சார்."

"பட்டப்பகல்லயா?"

"எங்க ஊர்க் கொசு பகல்லதான் சார் வேலைக்கு வரும்."

அவர் சிரிக்கவில்லை. கொட்டுகிற மழையில் குடையோடு போய்ச் சூரிய அடுப்பின் மூடியைத் தூக்கினார். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. பொலபொலவென்று சோறு. பானையை ஒட்டி, அதை இறக்கும்போதே கதகதப்புக்குத் திரும்பி உள்ளே நுழைந்திருந்த கோழி.

"இது?"

"குழம்புக்கு சார். அது இன்னும் வேகல."

இன்னும் வராத மில்லின் பெல்ட் அறுந்து விழும் சத்தம் முத்துப்பேச்சிக்கு மட்டும் கேட்டது.

ஜெபமணி ஒரு வாய் சோற்றை மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். "அடுப்பு நல்லா வேல செய்யுதுன்னு எழுதிடுறேன். மில்லு இந்த ஊருக்குத்தான்."

மொக்கைச்சாமி வாயைத் திறந்துவிட்டார். "அப்ப நம்புறீகளா சார்?"

"மழையில வேகும்னா நானும் மொதல்ல நம்பல" என்றார் ஜெபமணி. "ஆனா மார்க்கையன்கோட்டைப் பக்கம், ஓடைப்பட்டிப் பக்கம், போன ஊர்லயெல்லாம் மழையிலதான் வெந்துச்சு. வெயில்ல வெந்துதான் நான் இன்னும் பாக்கல."