மூன்றாவது ஆளைத் தேடுவோர்

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை, நெய்வேலி பஸ் ஸ்டாண்டில் மகள் நந்தினியைப் புனே வேலைக்கு வழியனுப்பிய குஞ்சிதபாதம், கையசைக்க மறந்து கடிகாரத்தைப் பார்த்தார். வாசகரே, இவர் 'மூன்றாவது ஆளைத் தேடுவோர்' என்னும் இனம்.

இந்த இனம் இருட்டியதும் தொலைநோக்கியோடு குவார்ட்டர்ஸ் மாடிக்கு ஏறும். அனல்மின் நிலைய வெளிச்சத்தைத் திட்டும். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்களில் ஒன்று மற்றதை மறைக்க, ஒளி மங்குகிற நேரத்தைக் குறித்துக்கொள்ளும். கணக்கிட்ட நேரம் தவறிக்கொண்டே போனால்? கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது நட்சத்திரம் ஒன்று இழுக்கிறதாம்! வானத்தோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? பால்காரர் பழனிசாமியின் தாமதத்துக்குப் பின்னால் புது டீக்கடை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, ஷிப்ட் பஸ் பிந்தினாலும், மனைவி தமயந்தி கோயிலிலிருந்து திரும்ப நேரமானாலும், குக்கர் விசிலடிக்கத் தயங்கினாலும், எங்கோ ஒரு மூன்றாவது ஆள் இருந்தாக வேண்டும்.

ஞாயிறு மாலைகளில் நந்தினி போன் செய்வாள்.

"அப்பா, ஒரு விஷயம்..."

"இரும்மா, மங்கிகினு இருக்கு. அம்மாகிட்ட பேசு."

சில மாதங்களில் அந்த அழைப்பு வரும் நேரம் வாரத்துக்கு வாரம் தள்ளிப்போனது. குஞ்சிதபாதம் வரைபடம் போட்டார். கோடு சீராக மேலே ஏறியது. பெண் கையைவிட்டுப் போகிறாளே!

"இதுல மூணாவது ஆள் ஒருத்தன் இருக்கான், தமயந்தி."

"அவ என்னா நட்சத்திரமாங்க? வாயத் தொறந்து கேளுங்களேன்."

"கேட்டா சொல்லிடுவாளா? இன்னும் கொஞ்ச வாரம் பாக்கணும். டேட்டா பத்தல."

கேட்கவில்லை. அந்தப் பையன் எந்த ஊர், வேலை பர்மனென்ட்டா கான்ட்ராக்டா என்று மாடியில் நின்றபடியே கவலைப்பட்டார். அவள் அழைத்த ஞாயிறுகளிலும் அங்கேயேதான் நின்றார்.

வானம் மூடிக்கொண்ட ஐப்பசியில் அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. சிரிக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியவர் விலகிப்போனபோது நீங்களும் ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகித்திருப்பீர்கள், ஒரே ஒருவரைத் தவிர. அதனால் இதை உங்களுக்கு வந்ததாகவே படியுங்கள்:

"அப்பா, மூணாவது ஆளத் தேடுறீங்கன்னு அம்மா சொன்னாங்க. நெசந்தான், இருக்காரு. நான் கூப்புடுறப்பல்லாம் மாடியில நின்னுகினு 'இரும்மா'ன்றாரே, அவருதான். அவரு கீழ எறங்கட்டும்னுதான் வாராவாரம் தள்ளித்தள்ளி போன் பண்ணேன். வர்ற ஞாயித்துக்கிழம எப்ப மங்குதுன்னு சொல்லுங்க. அதுக்கு முன்னாடி கூப்புடுறேன்."